115-ஆ, இருநூறா?

அன்புள்ள ஐயா,

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம் பகுதிகளிலிருந்து வருபவர்கள். சென்ற பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் அசைன்மென்ட் கொடுத்தேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் புயல் கொண்டுபோனபோது அதில் எத்தனை பேர் இருந்தார்கள், அதை நாம் எப்படி அறிகிறோம் என்பது கேள்வி. ஏறக்குறைய எல்லோரும் 115 என்று எழுதிவிட்டு இரண்டாம் பகுதியைத் தொடவே இல்லை. ஒரு மாணவி முதல் பக்கத்தில் 115 என்றும் மூன்றாம் பக்கத்தில் இருநூறுக்கு மேல் என்றும் எழுதியிருந்தாள். வகுப்பில் கேட்டதற்கு, “எதை எழுதினா சார் மார்க் வரும்?” என்றார்கள். செல்போன் வந்த பிறகு இந்தத் தலைமுறை சிந்திப்பதையே விட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இனி பேசாமல் நோட்ஸ் கொடுத்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதத்தின் கடைசி வரிகளில் நீங்களும் உங்கள் மாணவர்கள் செய்ததையே செய்திருக்கிறீர்கள். செல்போனுக்கு முந்தைய தலைமுறை சிந்தித்தது என்பதற்கு என்ன ஆதாரம்? நானும் நீங்களும் படித்த காலத்தில் கைடு இருந்தது, முந்தைய ஆண்டு அண்ணன்மார் விட்டுச்சென்ற நோட்டு இருந்தது, தேர்வு முடிந்த மறுநாள் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடும் வழக்கமும் இருந்தது. அன்று ஒரு கைடிலிருந்து எழுதினார்கள், இன்று திரையில் முதலில் வரும் வரியிலிருந்து எழுதுகிறார்கள். வேகம் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நீங்கள் கொடுத்த கேள்வி அருமையானது. அதனாலேயே அது எவ்வளவு கடினமானது என்பதை நீங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 115 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் அது 110 பயணிகளும் ஐந்து ரயில்வே ஊழியர்களும் சேர்ந்தது. அந்தப் பயணிகள் டிக்கெட் வாங்கியவர்கள். இருநூறு என்று சொல்பவர்கள், அந்தக் குறுகிய தூர ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். ஆக, இரண்டு எண்களும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள் அல்ல. ஒன்று எத்தனை டிக்கெட் விற்றது என்பதற்கு அருகில் நிற்கிறது, மற்றொன்று எத்தனை உயிர் போயிற்று என்பதை ஊகிக்க முயல்கிறது. ரயிலில் இருந்த எவரும் பிழைத்துவந்து எண்ணிக்கை சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாணவனுக்கு முதலில் ரயில்வே எதைப் பதிவு செய்யும், எதைப் பதிவு செய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு இல்லாதவனிடம் ‘சிந்தித்துப் பார்’ என்று சொன்னால் அவன் எதை வைத்துச் சிந்திப்பான்?

இன்னொரு எண்ணையும் அவர்கள் எழுதியிருப்பார்கள். அதே புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலம் ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது என்பது அது. அந்த எண்ணைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வேலை தொடங்கிய நாளுக்கும் முடிந்த நாளுக்கும் அலுவலகத்தில் தாள் இருக்கும். நள்ளிரவில் டிக்கெட் இல்லாமல் பெட்டியில் ஏறியவனுக்கு எந்தத் தாளும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அளவில் சந்தேகிப்பதும் எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்புவதும் எனக்குச் சோம்பலின் இரண்டு வடிவங்களாகவே தெரிகின்றன. எந்த எண்ணுக்குப் பின்னால் என்ன வகைப் பதிவு இருக்கக்கூடும் என்று பிரித்தறிவதையே நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் மாணவர்களுக்குச் சிந்திக்கவே தெரியாது என்பதை நான் ஏற்கவில்லை. மண்டபத்தில் நண்டு எடைபோடும் இடத்தில் ஒரு காலை நின்று பாருங்கள். வியாபாரி ஒரு நண்டை ‘தண்ணி நண்டு’ என்று ஒதுக்கினால், கல்லூரிக்குப் போகும் முன் அப்பாவுக்கு உதவியாக வந்த பையன் அதைக் கையில் வாங்கி, அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஓடு கெட்டியாக இருக்கிறது, சதை இருக்கிறது என்று திருப்பி வைப்பான். ஓடு கழற்றிச் சில நாட்களே ஆன நண்டில் சதை இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். வியாபாரிக்கு அதைச் சொல்வதில் லாபம் இருக்கிறது என்பதும் தெரியும். சொல்பவரின் நோக்கம், சொல்லப்பட்டதைச் சோதிக்கும் வழி, முடிவை ஏற்காவிட்டால் மறுக்கும் துணிவு ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. நீங்கள் தேடுவது இதைத்தானே?

இதை வைத்துக் கடலோர மக்களின் இயற்கை ஞானம் என்று புகழ்பாடவும் நான் தயாரில்லை. (அப்படி எழுதுபவர்களில் பலர் கரையில் இறங்கியே பார்த்ததில்லை.) அதே பையன் டிசம்பர் மாதத்தில் சுனாமி வரப்போகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியது யார் என்றுகூடப் பார்க்காமல் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிடுவான். நண்டில் பழகிய ஐயம் தானாக வேறோர் இடத்துக்கு நடந்து போவதில்லை. நண்டைப் பற்றி அவனுக்கு நிறையத் தெரியும், தவறினால் அன்றைய கூலி போகும். நிலநடுக்கத்தைப் பற்றி அவனுக்குப் போதுமான அளவு தெரியாது, பொய்யை அனுப்பினாலும் அவனுக்கு நட்டமில்லை. தனுஷ்கோடி ரயிலைப் பற்றியும் நிலைமை இதுதான். அதில் அவனுக்கு இருந்த ஒரே லாபநட்டம் உங்கள் கையில் இருக்கும் இன்டர்னல் மதிப்பெண். பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகத்தின் பின்பக்க வினாக்களுக்குப் பிசகாமல் விடை எழுதி வந்தவன் “எதை எழுதினா மார்க் வரும்?” என்று கேட்பது மந்தபுத்தி அல்ல. தான் இருக்கும் சூழலை அவன் மிகச் சரியாகவே கணித்திருக்கிறான்.

அந்த மாணவியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மற்றவர்கள் ஒரே இடத்தில் படித்ததால் முரண்பாடு அவர்களுக்கு வர வாய்ப்பே இல்லை. இரண்டு இடங்களில் படித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் தாளில் இருக்கும் பிழை, வகுப்பிலேயே மிக அதிகம் உழைத்தவளின் பிழை.

நோட்ஸுக்குத் திரும்ப வேண்டாம். அடுத்த பருவத்தில் இரண்டு கணக்குகளையும் நீங்களே பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, இவை ஏன் வேறுபடுகின்றன என்று மட்டும் கேளுங்கள். எண்ணுக்கு மதிப்பெண் இல்லை, காரணத்துக்கு மட்டுமே என்பதைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள். அப்படியும் முதல் முறை பாதிப் பேர் ‘இரண்டு கருத்துகளிலும் உண்மை உள்ளது’ என்று எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

தனுஷ்கோடியிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். அவர்களை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்புங்கள். 1964இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது, ஆகையால் தள்ளிப்போட நேரமில்லை. அவர்களது நினைவும் அறுபது ஆண்டுகளாக மற்றவர் சொன்னவற்றோடு கலந்துதான் கிடக்கும். எனவே எத்தனை பேர் என்று எடுத்தவுடன் கேட்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அன்றிரவு எங்கே இருந்தீர்கள், ரயில் போன செய்தி உங்களுக்கு யார் மூலம், எப்போது வந்தது என்று கேட்டு, அவர் கண்டதை ஒரு பக்கத்திலும் கேட்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதிக்கொண்டு வரட்டும்.