காய்ச்சல் வந்தால் இரத்தத்தில் கிருமி என்று அர்த்தமா?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. ஒன்பது நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று இரவு 101.4 டிகிரி காய்ச்சல். இரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம், கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரத்தத்தைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். காத்திருப்பு அறையில் பழக்கமான ஒருவர், "இங்கே வைத்திருந்தால் தேற மாட்டார், வேறு மருத்துவமனைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: இந்தக் காய்ச்சலுக்காக மாற்றாதீர்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உடல் சூடு 101 டிகிரியை (38.3 செல்சியஸ்) எட்டினால் மருத்துவர்கள் நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம். அவ்வளவுதான். அங்கே வரும் காய்ச்சலில் ஏறக்குறைய பாதிக்குக் கிருமியே காரணமில்லை. காலில் உறைந்த இரத்தக்கட்டி, ஏற்றிய இரத்தம், ஏன், கொடுக்கிற ஆன்டிபயாடிக்கே கூடக் காய்ச்சலைக் கிளப்பும்.

கிருமி உண்டா என்பதைக் கல்ச்சர் பாட்டில்தான் காட்ட வேண்டும். அதையாவது ஒழுங்காக எடுக்கிறோமா? வெவ்வேறு இரண்டு இடங்களில் குத்தி, இடத்துக்கு 20 மில்லியாவது, புது ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். நடப்பதோ, மருந்து பாதி இறங்கிய பிறகு ஞாபகம் வந்து, ஒரே கையில் ஐந்து மில்லி! பிறகு 'கிருமி இல்லை' என்று அறிக்கை வந்தால் அதை எப்படி நம்புவது? எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று, இன்னும் இதே கதைதான். எத்தனை இடத்தில், எப்போது எடுத்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கழுத்து இரத்தக்குழாயில் செருகிய குழாய் எத்தனை நாளாக இருக்கிறது, இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். இரத்தத்துக்குள் கிருமி நுழைய அதைவிட வசதியான வாசல் கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. தந்தைக்கு டயாலிசிஸ் நடக்கிறதா? இரத்தம் உடலுக்கு வெளியே குழாயில் சுற்றி, குளிர்ந்து திரும்புகிறது. உள்ளே கிருமி கொதித்தாலும் அட்டவணையில் 98 டிகிரிதான் எழுதியிருக்கும். ஸ்டீராய்டு வாங்குபவருக்கும், வேளை தவறாமல் பாராசிட்டமால் ஏறுபவருக்கும், வயதானவர்களுக்கும் இதே நிலைதான். சிலருக்கு உடம்பு சில்லென்று 96-க்குக் கீழே இறங்கும். காய்ச்சலைவிட அது எனக்கு அதிகப் பயம். அக்குளில் வைத்துப் பார்த்த கணக்கையும் நம்பாதீர்கள். இரத்த அழுத்தம் சரிகிறதா, சிறுநீர் குறைகிறதா, கூப்பிட்டால் கண் திறப்பது மந்தமாகிறதா என்று பாருங்கள்.

இனி அந்தக் காத்திருப்பு அறை நண்பர். கமிஷன் வாங்காத நண்பர் யாரும் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நாள்கணக்காக உட்கார்ந்திருப்பதில்லை. அவர் பேச்சைக் கேட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினால் என்ன நடக்கும்? கல்ச்சர் பாட்டில் பழைய ஆய்வகத்திலேயே கிடக்கும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் கிருமி தலைகாட்டிவிடும். அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய மருத்துவரோ வேறு ஊரில். புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்து, இருப்பதிலேயே கனமான மருந்தைப் போடுவார்கள். உள்ளே இருக்கும் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் நீங்கள் அவரிடம் போயிருக்க மாட்டீர்கள்.

இங்கே இல்லாத சிகிச்சை ஏதாவது தேவைப்பட்டு உங்கள் மருத்துவரே அனுப்பினால் போங்கள். அப்போது கல்ச்சர் எடுத்த தேதியும் நேரமும், ஏறிய ஆன்டிபயாடிக்குகளின் பெயர், கழுத்துக் குழாய் போட்ட நாள், ஆய்வகத்தின் தொலைபேசி எண் நான்கையும் எழுதி வாங்கி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் வைத்தால் தொலைத்துவிடுவார்கள்.