டாக்டர் பதில்கள்: '90 சதவீதம் சரி' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: நான் தனியார் மருத்துவமனையில் ஐசியு செவிலியர். நோயாளிக்கு செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை) வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து காட்டினார். 90 சதவீதம் சரியாகச் சொல்லுமாம். வாங்கலாமா என்று நிர்வாகம் எங்களிடம் கேட்கிறது. எப்படிச் சோதிப்பது, டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: வாங்குவதற்கு முன்பே உங்களிடம் கேட்கிறார்களே சிஸ்டர், அதுவே அதிசயம்!

அந்த 90-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். நூறு பேரில் ஏழு பேருக்கு செப்சிஸ் வரும் இடத்தில், 'யாருக்கும் வராது' என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினாலே 93 சதவீதம் சரிதான். ஏழு என்பது நானாகச் சொன்ன எண் இல்லை. அமெரிக்காவில் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,455 உள்நோயாளி அனுமதிகளில் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தது 7 சதவீதத்தில். அதில் மூன்றில் இரண்டு பங்கை மென்பொருள் கோட்டைவிட்டது. எச்சரிக்கை விழுந்ததோ 18 சதவீதத்துக்கு. எட்டுப் பேரை ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவருக்குத்தான் நிஜமாக இருக்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு எண். செப்சிஸ் வந்த 2,552 பேரில், மருத்துவர்கள் நேரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்டு, மென்பொருள் பிடித்துக் கொடுத்தது 183 பேரைத்தான். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதியதையும் கணிப்புக்கான தகவல்களில் ஒன்றாக அது எடுத்துக்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்ததை நமக்கே சொல்ல எதற்கு மென்பொருள்?

ஆகவே கம்பெனிக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: சில மாதம் எங்கள் நோயாளிகளை வைத்தே ஓட்டுங்கள், ஆனால் எச்சரிக்கை வார்டில் யார் கண்ணிலும் படக்கூடாது. அது எச்சரித்த நேரத்தையும் மருத்துவர் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதிய நேரத்தையும் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்கு உண்மையில் செப்சிஸ் என்பதை, எச்சரிக்கையைப் பார்க்காத இரண்டு மருத்துவர்கள் கேஸ் ஷீட்டைப் படித்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது. பிபி, பல்ஸை முதலில் சார்ட்டில் எழுதிவிட்டு, டூட்டி முடியும்போது மொத்தமாகக் கணினியில் ஏற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படியென்றால் காலை எட்டு மணிக்கு எகிறிய பல்ஸ் மென்பொருளுக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் தெரியும். இதை எந்த டெமோவிலும் காட்ட மாட்டார்கள்.

கேள்வி: மருந்துக்குச் செய்வதுபோல், பாதி நோயாளிகளுக்கு மட்டும் மென்பொருளைப் பயன்படுத்தி ஒப்பிட்டால் போதாதா?
– புள்ளியியல் மாணவர், சென்னை

பதில்: மாத்திரை அதை விழுங்கியவரோடு போச்சு. மென்பொருள் மருத்துவரின் தலைக்குள் போய்விடுகிறது தம்பி; மீதிப் பாதி நோயாளிகளையும் பார்ப்பது அதே தலைதான்.

இங்கிலாந்தின் லீட்ஸில் மருத்துவர் டி டோம்பலின் குழு, வயிற்றுவலிக்கு என்ன காரணம் என்று கணிக்கும் கணினியை நோயாளிகள் 304 பேரிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டது. கணினி 91.8 சதவீதம் சரி, மூத்த மருத்துவர் 79.6. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். 1974-ல் வந்த தொடர் அறிக்கை இன்னும் சுவாரசியம்: சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களே முன்பைவிட நன்றாகக் கணித்தார்கள், முடிந்ததும் பழையபடி இறங்கினார்கள். கணினிக்காக ஒழுங்காகப் படிவம் நிரப்பியதாலா, தங்கள் தவறுகள் உடனுக்குடன் தெரிந்ததாலா, கணினியாலா? பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் நோயாளிகளைப் பிரிக்காமல் மருத்துவமனைகளையே இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். செலவு அதிகம், வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்துவிடும்!

கேள்வி: சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை ஏஐ பார்ப்பதை நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனைப் படங்களும் சேர்ந்துதான் கூகுளின் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தன. ஆய்வில் நன்றாகவே தேறியது. தாய்லாந்து கிளினிக்குகளில் இறக்கியபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று திருப்பிவிட்டது. படம் தெளிவாக விழ அறை இருட்டாக இருக்க வேண்டும்; பல இடங்களில் அதற்கு வசதியில்லை. எனவே நம்பிப் போங்கள், ஆனால் படம் சரியாக விழாவிட்டால் எங்கே, எப்போது அனுப்புவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.