பின்னணியை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

1967 சட்டமன்றத் தேர்தலில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத் தொகுதிகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாக்கு விவரங்களைச் சேர்த்தாயிற்று. பின்னணியை எங்கே தொடங்குவது என்பதுதான் பிரச்சினை. நீதிக்கட்சியில் ஆரம்பித்தேன், நாற்பது பக்கம் தாண்டியும் தேர்தல் வரவில்லை. “எண்களைக் கொடு போதும், மற்றதெல்லாம் உன் கருத்து” என்கிறார் நண்பர். எவ்வளவு எழுதலாம்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னபடியே எண்களை மட்டும் கொடுத்துப் பார்ப்போம். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய வாக்கு 41.10 சதவீதம், தி.மு.க. வாங்கியது 40.69 சதவீதம். ஆனால் 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. இன்றைக்கு இதைப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் என்ன நினைப்பார்? ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்றுதான். காங்கிரஸ் 232 இடங்களில் நின்றது, தி.மு.க. 174 இடங்களில்தான் நின்றது, மற்றவற்றில் பெரும்பாலானவற்றைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் போன்ற கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. இந்த ஒரு வரி சேர்ந்ததும் குழப்பம் தீர்கிறது. இதை யாராவது கருத்து என்பார்களா? இது இல்லாவிட்டால் எண்களே ஆளை ஏமாற்றிவிடும்.

என் அளவுகோல் இதுதான்: நீங்கள் தரும் தகவலை வாசகர் எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று பாருங்கள். அங்கே பின்னணி வேண்டும். அந்த ஆபத்து இல்லாத இடத்தில், எவ்வளவு சுவையான செய்தியானாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே விருதுநகர் இருக்கிறது. காமராஜர் 1,285 வாக்கில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்போது அவர்தான் முதலமைச்சர் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். 1963லேயே அவர் பதவி விலகிவிட்டார். 1967ல் முதலமைச்சராக இருந்தவர் பக்தவத்சலம், அவரும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். இன்னொன்று, 1957லும் 1962லும் காமராஜர் ஜெயித்தது சாத்தூரில். இதைச் சொல்லாமல் விட்டால், காலங்காலமாக வைத்திருந்த தொகுதி கைவிட்டுப் போனதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். இரண்டு வாக்கியம் போதும், ஆனால் அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும்.

அதேபோல 1962ல் மாநிலத்தில் 206 தொகுதிகள், 1967ல் 234. எல்லைகள் மாறிவிட்டன. “போன தடவையைவிட இத்தனை ஆயிரம் குறைந்தது” என்று எழுதுவதற்கு முன், எந்தெந்த ஊர்கள் சேர்ந்தன, எவை பிரிந்தன என்று சரிபாருங்கள். விருதுநகர் மாவட்டமே 1985ல்தான் பிரிந்தது என்பதையும் முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

சரி, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி? இவை வேண்டும். ஓட்டுப் போடப் போனவர் மனதில் இருந்தவை இவைதான். அப்போது தி.மு.க.வில் இருந்த எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. அடுத்த மாதமே தேர்தல். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரொட்டியானது. தேதியோடு இதை எழுதுங்கள். “அதனால்தான் ஜெயித்தார்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காரணத்துக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று பெட்டியைத் திறந்து யாரும் எண்ணவில்லை. பின்னணி தருவது உங்கள் பொறுப்பு. காரணம் கட்டுவதில்தான் உங்கள் நண்பர் பயப்படுகிற கருத்து நுழைகிறது.

இதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அதற்குப் பிறகு காங்கிரஸ் இங்கே ஆட்சிக்கு வரவேயில்லை என்பது நமக்குத் தெரியும். அன்று வரிசையில் நின்றவருக்குத் தெரியாது. “ஒரு சகாப்தம் முடிந்த நாள்” என்றெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதினால், அந்த வாக்காளர் செய்த தேர்வுக்கு மதிப்பில்லாமல் போகிறது. முடிவு முன்னமே எழுதி வைத்திருந்த மாதிரி ஆகிவிடும். பின்னால் நடந்ததைக் கடைசி அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிக்கட்சி நாற்பது பக்கத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அது வேறொரு நூல். இதில் ஒரு பத்தி போதும், அதுவும் உங்கள் வேட்பாளர் யாராவது அந்த மரபிலிருந்து வந்திருந்தால். அப்புறம், அன்று ஓட்டுப் போட்டவர்கள் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார்கள். மிச்சமாகும் பக்கங்களை அவர்கள் பேச்சுக்குக் கொடுங்கள். யார் சொன்னது, எந்த வருடம் சொன்னது என்பதையும் கூடவே குறித்துவிடுங்கள்.