பைனாகுலரில் கிரகணம் பார்க்கலாமா?

கேள்வி: என்னிடம் 10×50 பைனாகுலர் இருக்கிறது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் வழியே சூரிய கிரகணம் பார்க்கலாமா? இரவு வானம் பார்க்கத் தொடங்கவும் அதுவே போதுமா?

பதில்: அப்படிப் பார்க்கவே கூடாது. கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்காகச் செய்தது. பைனாகுலரின் 50 மி.மீ. முன்வில்லையில் விழும் வெயில், பின்பக்கம் 5 மி.மீ. கற்றையாகக் குறுகி வெளியே வருகிறது. செறிவு ஏறத்தாழ 100 மடங்கு. கண்ணாடியின் மெல்லிய படலம் அந்தச் சூட்டில் பொத்துப்போகும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், பார்வையின் நடுவே மங்கல் விழுந்த பிறகுதான் சுட்டதே தெரியவரும்.

ஃபில்டர் முன்வில்லைக்கு முன்னால்தான் இருக்கவேண்டும், இரண்டு குழாய்க்கும். தொலைநோக்கிகளுக்கென்றே விற்கும் சூரிய ஃபில்டர் தாளை வாங்குங்கள். அதில் ஒளியடர்த்தி (தாள் ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 5 என்று இருக்கவேண்டும், 3.8 படமெடுக்க மட்டுமே, கண்ணுக்கு ஆகாது. குழாயைச் சுற்றி இறுக்கமாக ஓர் அட்டை வளையம் செய்து, தாளைத் தொய்வாகவே ஒட்டுங்கள். சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. விறைப்பாக இழுத்தால்தான் பிம்பம் கெடும். வளையத்தை டேப் போட்டுக் குழாயோடு பிணைத்துவிடுங்கள், காற்று தட்டிவிட்டால் கண் போய்விடும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் தாளைப் பளிச்சென்ற விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு ஒளி கசிந்தாலும் தூக்கிப் போடுங்கள். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி இரண்டுமே வேண்டாம். வெளிச்சம் குறைந்தாலும் அகச்சிவப்புக் கதிர் உள்ளே வரும்.

ஃபில்டர் கிடைக்கவில்லையா? அட்டையில் 1 மி.மீ. துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, 2 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளில் பிம்பத்தை விழவிடுங்கள். சுமார் 18 மி.மீ. அகலத்தில் கடிபட்ட சூரியன் தெரியும். துளை வழியே சூரியனைப் பார்க்கக் கூடாது. சந்திர கிரகணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை.

இரவு வானத்துக்கு உங்கள் பைனாகுலர் தாராளமாகப் போதும். தொலைநோக்கிக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் குவியத்தைச் சரிசெய்யுங்கள்: வலக்குழாயை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு ஒரு விண்மீனைப் புள்ளியாக்குங்கள், பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். பலர் இதை விட்டுவிட்டுத்தான் ‘ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை’ என்கிறார்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் 10 மடங்கு தெரியும். சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கவேண்டும்.

நிலவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பைனாகுலரில் பல டஜனாகும். வியாழனின் நான்கு நிலவுகள் ஒரே வரிசையில் சிறு புள்ளிகளாகத் தெரியும். இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் பாருங்கள், மாறியிருக்கும். சனியின் வளையம் மட்டும் இதில் பிரிந்து தெரியாது. அதற்கு 25 மடங்காவது பெரிதாக்கும் தொலைநோக்கி வேண்டும்.