எலும்பே உருவாகாத சிசுவுக்கு இரத்தம் எங்கே ஊறுகிறது?

ஹட்டன் பக்கம் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்த தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: எலும்பு மச்சையில்தான் இரத்தம் உண்டாகிறது என்றால், எலும்பே இல்லாத கருவுக்கு எங்கிருந்து வருகிறது? தாயின் இரத்தமா போகிறது?

இல்லை, தங்கச்சி. நச்சுக்கொடி வழியாக ஒட்சிசனும் சத்தும் போகும். இரண்டு இரத்தமும் கலந்து ஓடுவதில்லை. சிசு தன் இரத்தத்தைத் தானே செய்துகொள்கிறது.

கருத்தரித்த 3ஆம் வாரத்தில் கருவோடு ஒட்டியிருக்கும் சிறு பையான கருவூண் பையில் முதல் சிவப்பணுக்கள் வரும். அவை தற்காலிகம். ஆயுள் முழுக்க இரத்தம் தரும் ஸ்டெம் செல்கள் 4ஆம் வாரக் கடைசியில், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடியின் உட்சுவரில் பிறக்கின்றன. சுவரோடு தட்டையாகக் கிடந்த ஒரு செல் மெல்ல வளைந்து, உருண்டு, கழன்று ஓட்டத்தில் சேர்ந்துவிடும். 2010இல் வரிக்குதிரை மீனின் உயிருள்ள கருவில் இதை அப்படியே படம்பிடித்தார்கள். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் காட்சி அது.

அப்புறம் அவை ஈரலுக்குப் போய்ப் பெருகும். நம் தோட்டத்துத் தேயிலைக் கன்றுத் தவறணை மாதிரி. கன்று அங்கே தேறித்தான் மலைக்குப் போகும். 11ஆம் வாரமளவில் மச்சையில் குடியேறத் தொடங்கினாலும், 7ஆம் மாதம் வரை பெரும்பங்கு வேலை ஈரலுக்குத்தான்.

அந்தச் சிவப்பணுவுக்கெல்லாம் இரும்பு உங்களிடமிருந்துதான் போகிறது. சரி, மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் இரும்பை உறிஞ்ச விடாது. வெறும் தண்ணீரோடு குடித்துவிட்டு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.