நின்றால் நடுக்கம், மிதித்தால் வெட்டு: வண்டி கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2019 மாடல் டர்போ பெட்ரோல் கார். 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருஷம் பெங்களூருவில் பவர் கூட எஞ்சின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்து, ஓப்பன் ஏர் ஃபில்டரும், மிதியை விட்டதும் மிஞ்சிய டர்போ காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வும் மாட்டினேன். இப்போது வேலூர் கிரீன் சர்க்கிளில் டிராஃபிக்கில் நின்றால் ஸ்டீயரிங் வரை நடுங்குகிறது. வாலாஜா டோல் தாண்டி நாலாவது கியரில் அழுத்தி மிதித்தால் 3,000 ஆர்பிஎம் பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிகிறது. ஸ்கேனரில் பி0300, பி0171 என்று இரண்டு எரர் கோடு. பிளக், காயில் எல்லாம் புதுசு போட்டாயிற்று. இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார் ஒரு மெக்கானிக், டர்போவே போச்சு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது சார்?
– வாசகர், காட்பாடி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், பர்ஸை மூடி வையுங்கள். லைட் நிலையாக எரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம், அது உருகினால் இன்ஜெக்டர் செலவெல்லாம் சில்லறையாகிவிடும். அதனால் கண்டுபிடிக்கும் வரை ஹைவேயில் அழுத்தி மிதிக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நிற்கும்போது ஒரு தொல்லை, மிதிக்கும்போது இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதனால் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் ஐடில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. நிற்கும்போது நடுக்கமும் இந்தக் கோடும் சேர்ந்து வந்தால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். மாடிஃபை செய்த வண்டியில் அந்த ‘எங்கிருந்தோ’ பெரும்பாலும் கடைசியாகக் கை வைத்த இடம்தான்.

இதை உறுதி செய்ய ஸ்கேனரில் கோடு மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ப்ளூடூத்தில் போனோடு சேரும் சின்ன ஸ்கேனரிலேயே ஃபியூயல் டிரிம் என்று ஒன்று காட்டும், எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்ற கணக்கு அது, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு. இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்கு இறங்குகிறதா? அப்படியானால் லீக்தான், ஏனென்றால் எஞ்சின் இழுக்கும் காற்று கூடக் கூட அந்த ஓட்டை வழியே வரும் பங்கு சின்னதாகிவிடும். மாறாக ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற டிரிம் பிளஸ்ஸில் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் அப்போது போகலாம், அதற்கு முன்னால் வேண்டாம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்காகவே எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும், ஆகவே சில சதவீத பிளஸ்ஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

லீக் எங்கே? நானாக இருந்தால் முதலில் அந்த புளோ ஆஃப் வால்வைத்தான் பார்ப்பேன். (அந்த ‘ப்ஷ்ஷ்’ சத்தத்துக்காகத்தான் மாட்டியிருப்பீர்கள், வேறென்ன.) ஸ்பிரிங் லேசாக இருந்தால் ஐடிலில் இருக்கும் வேக்யூமே வால்வைத் திறந்துவிடும், வெளிக்காற்று ஃபில்டரையும் தாண்டி, ஏர்ஃப்ளோ சென்சாரையும் தாண்டி நேராக உள்ளே போகும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு காகிதத்தை அதன் வாயருகே பிடியுங்கள், காகிதம் ஒட்டிக்கொண்டால் ஆள் சிக்கிவிட்டான். ஒட்டவில்லை என்றால் அந்த வால்வுக்கு வேக்யூம் கொடுக்க டி-ஜாயிண்ட் போட்டு எடுத்திருப்பார்களே, பென்சில் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ், அதைக் கழற்றி நுனியை வளைத்துப் பாருங்கள். டர்போவின் சூடு ஒரு பக்கம், நம்ம ஊர் மே மாத வெயில் ஒரு பக்கம், ரப்பர் வறண்டு போய் நுனியில் மயிரிழை அளவில் வெடிப்பு விட்டிருக்கும். நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும்.

அதுவும் இல்லையென்றால் புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கிடைக்கவில்லையா, எஞ்சினை ஆஃப் செய்து, டர்போவுக்குக் காற்று போகும் வாயை மூடி, எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிரீதர் ஹோஸையும் அடைத்து, டயர் கடை கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் வைத்துக் காற்றைக் கொடுத்து, ஒவ்வொரு கிளாம்ப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். பத்து பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள், ஆயில் சீல் பிதுங்கினால் அது தனிக் கதை. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்து லீக் தேடும் பழக்கம் நம்மூரில் உண்டு, டர்போ பக்கத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

இனி மிதிக்கும்போது வரும் வெட்டு. ரீமேப் செய்தபின் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடிவிடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் அதைத் தர முடியாவிட்டால் பொறி வராது. புதுப் பிளக்தானே என்று சொல்லாதீர்கள், டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினார்களா, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கம்பெனி சொல்லும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் என்றால் இப்படிப்பட்ட வண்டிகளில் 0.6, 0.65 வரை குறைப்பது வழக்கம். இரிடியம் பிளக் என்றால் நடுக்கம்பியில் கை படாமல் வெளிக் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு இருந்தால் மின்சாரம் வெளிப்பக்கமாகவே ஓடியிருக்கிறது, அந்தப் பிளக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான், காயிலின் ரப்பர் உறையையும் பாருங்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ரீமேப் செய்தவரிடம் பழைய கம்பெனி ஃபைலை ஏற்றித் தரச் சொல்லுங்கள். உடனே வெட்டு நின்றால் மேப்பைத் திட்டாதீர்கள். கூடுதல் அழுத்தத்தை இக்னிஷனோ பெட்ரோல் வரத்தோ தாங்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள், மேப்பிலும் தப்பு இருக்கலாம், ஆனால் அது அடுத்த கேள்வி. 95 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்த மேப்பா, நீங்கள் போடுவது அதுதானா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். கடைசியாகத்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தால் விஷயம் பெரிசு, பிஸ்டன் வரை போக வேண்டியிருக்கும். டர்போ போனதாகச் சொன்னவரிடம் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். நீலப் புகையோ, ஆயில் குறைவோ, ஊளைச் சத்தமோ நீங்கள் எழுதவே இல்லையே.

கேள்வி: டீசல் எஸ்யூவியில் பவர் கூட்டும் டியூனிங் பாக்ஸ் போட்டிருக்கிறேன். ஏலகிரி ஏறும்போது கறுப்புப் புகை வந்து, பிக்கப் செத்துப்போய், ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் சரியாகிறது.
– வாசகர், ஆம்பூர்

பதில்: வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, பவரைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகிறது. பாக்ஸைக் கழற்றிவிட்டு அதே பதினான்கு வளைவும் ஏறிப் பாருங்கள். அப்போதும் வந்தால் டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள், கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கேதான் கிழிந்திருக்கிறது. பாக்ஸைக் கழற்றியதும் சரியாகிவிட்டால் கழற்றியதாகவே இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்று வரும்போது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைக் காட்டி வண்டியை மாற்றியதாகக் கேள்வி கேட்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: டர்போ காரை நிறுத்தும் முன் ஐந்து நிமிஷம் ஓடவிட வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஊருக்குள் ஓட்டிவிட்டு வந்தால் வேண்டாம், அந்த வேகத்தில் டர்போ அவ்வளவு சூடாகாது. பள்ளிகொண்டா டோல் வரை விரட்டிக்கொண்டு வந்து உடனே டீக்கடையில் நிறுத்துவதென்றால் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், போதும். ரீமேப் செய்த வண்டி என்றால் ஆயிலை மட்டும் கம்பெனி சொன்ன கெடுவில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.