ஒரு பக்கம் மட்டும் சிஆர்சி பிழை ஏறினால் சுவிட்சை மாற்ற வேண்டுமா?

கேள்வி: "இரண்டு நெட்வொர்க் சுவிட்ச்களுக்கு இடையே ஃபைபர் இணைப்பு. ஒரு சுவிட்சில் மட்டும் சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வந்து சேர்ந்த தரவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது, மற்றதில் ஒன்றுமில்லை. சுவிட்ச் பழுதா? மாற்றிவிடலாமா?"

மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மேலாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து பின்னால் நிற்கிறார், விற்பனையாளர் புதிய சுவிட்சுக்கு விலைப்பட்டியல் அனுப்பிவிட்டார், சரிதானே? எனக்கும் அதே நிலைமைதான். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அலுவலகத்தில் ஒரு சுவிட்ச், நூற்பு ஷெட்டில் ஒன்று. நடுவே சுமார் 300 மீட்டர் சிங்கிள் மோட் ஃபைபர், அதாவது ஒளியில் தரவு கடத்தும் கண்ணாடி இழை; போக ஒன்று, வர ஒன்று. இரு முனையிலும் 1310 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் எல்எக்ஸ் மாட்யூல் (சுவிட்சில் செருகினால் ஒளியை அனுப்பி வாங்கும் சிறு கருவி). உற்பத்திக் கணக்கு பதியும் திரை திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ஷெட்காரர்கள் புலம்பினார்கள். நான் பிங் செய்து (சின்னச் சோதனைத் தரவு அனுப்பிப் பதில் வருகிறதா என்று) பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அளவை 1472 பைட் ஆக்கியபோதுதான் நூற்றுக்கு ஏழெட்டு காணாமல் போயின. ஃபிரேம் (தரவு கட்டுக்கட்டாகப் போகும் பொட்டலம்) நீளமாக இருந்தால் அதில் ஏதாவது ஒரு பிட் அடிபட வாய்ப்பும் கூடுதல். சின்ன பிங்கை நம்பி "இணைப்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன், முதல் அவமானம் அது.

ஷெட் சுவிட்சில் பிழை எண்ணிக்கை லட்சங்களில் நின்றது. அது நேற்று ஏறியதா, சுவிட்சை இயக்கிய நாளிலிருந்து சேர்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? கவுண்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். நாலாயிரத்தைத் தாண்டியது. "கவுண்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "ஏறினால் நூல் மெலிதாக வரும், நல்லதுதானே?" என்றார். பாவம், அவருக்குக் கவுண்ட் என்றால் நூலின் நம்பர்தான்.

பிழையைக் காட்டுவது ஷெட் சுவிட்ச், ஆகவே பழுதும் அதில்தான் என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றினேன். திங்கள் காலை புதிய சுவிட்சிலும் அதே வேகத்தில் பிழை ஏறியது. "அப்படியானால் பழையது நன்றாகத்தான் இருந்ததா?" என்று மேலாளர் அமைதியாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

சிஆர்சி பிழை என்பது வந்து சேர்ந்த ஃபிரேமின் கணக்கு. வாங்கும் சுவிட்ச் தானே கணக்கிட்டுப் பார்க்கிறது, அனுப்பியவர் வைத்த தொகையோடு பொருந்தவில்லை என்றால் ஃபிரேமைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்று கூட்டிக்கொள்கிறது. அதாவது கெட்டது பெரும்பாலும் வரும் வழியில், அல்லது அனுப்பிய முனையில். கடிதம் நனைந்து வந்தால் தபால்பெட்டியை உடைத்துப் பார்ப்போமா? நான் அதைத்தான் செய்திருந்தேன்.

பிறகு இரு பக்க மாட்யூல்களும் காட்டும் ஒளி அளவைப் பார்த்தேன். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். இரண்டுமே -6 டிபிஎம் அளவில் அனுப்பிக்கொண்டிருந்தன (டிபிஎம் ஒளி வலிமையின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு). அலுவலகத்துக்கு -7 வந்து சேர்ந்தது. ஷெட்டுக்கு வந்ததோ -20. அந்த வகை மாட்யூல் ஏற்கும் எல்லையே -19, -20 பக்கம்தான். 300 மீட்டர் கண்ணாடி இழை தின்பது 0.1 டெசிபெல்தான் இருக்கும். எதிர்த் திசையோடு ஒப்பிட்டால் இங்கே 13 டெசிபெல் குறைவு, அதாவது இருபதில் ஒரு பங்கு ஒளிதான் வருகிறது. சந்தேகம் தீர, இரு முனையிலும் மாட்யூலில் இழைகளை இடம் மாற்றிச் செருகினேன். பிழை அலுவலக சுவிட்சுக்குத் தாவியது. சுவிட்ச், மாட்யூல் எல்லாம் நிரபராதி. குற்றவாளி அந்த ஒற்றை இழையின் பாதை.

ஷெட்டில் ஃபைபர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சுத் தூசி பாய் விரித்திருந்தது. புதிய ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) போடுவதற்காக ரேக்கை நகர்த்தினார்களாம், பேட்ச் கார்டு (பெட்டியையும் சுவிட்சையும் இணைக்கும் குட்டை ஃபைபர்) இரண்டு நாள் மூடியில்லாமல் தொங்கியதாம். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன். "நன்றாகத் துடைத்துத்தான் செருகினேன் தம்பி" என்றார். எதால்? பனியன் வேஸ்டால்! மோட்டார் கிரீஸ் துடைத்த அதே கையோடு. ஒளி போகும் மையம் 9 மைக்ரான். தலைமுடியின் பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதன்மேல் கிரீஸ் பூசினால் ஒளி என்ன செய்யும்?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துடைப்பான். கனெக்டர் முகத்தை ஒரே திசையில் ஒரு இழுப்பு, பிறகு உலர்ந்த பகுதியில் இன்னொன்று. பெட்டியின் அடாப்டருக்குள் இருந்த முனைக்குப் பேனா வடிவத் துப்புரவுக் கருவி. ஷெட்டுக்கு -7.8 வந்தது. பத்து நிமிடம், அரை மணி, மறுநாள் காலை, எப்போது பார்த்தாலும் பிழை பூஜ்யம். (துடைக்கும்முன் இரு பக்க மாட்யூலையும் கழற்றிவிடுங்கள். 1310 கண்ணுக்குத் தெரியாத ஒளி, இழைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.)

இப்போது சிலர் வருவார்கள். "கட்-த்ரூ சுவிட்சாக இருந்தால்?" ஆமாம், அது முழு ஃபிரேமையும் வாங்கிச் சரிபார்க்கும் முன்பே அனுப்பத் தொடங்கிவிடும், ஆகவே பிழையின் ஊற்று நாலு சுவிட்ச் தள்ளிக்கூட இருக்கலாம். எங்கள் ஆலையில் இருந்தவை அந்த வகை அல்ல. "எல்லாப் பிழைக்கும் தூசியா காரணம்?" அப்படி நான் சொல்லவே இல்லை. தாமிரக் கேபிள் என்றால் டூப்ளெக்ஸ் பொருத்தமின்மையை முதலில் பாருங்கள் (ஃபுல் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும், ஹாஃப் என்றால் மாறி மாறித்தான்). ஒரு முனையில் 100 ஃபுல் (100 எம்பிபிஎஸ் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ்) என்று கட்டிவைத்து, மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனை வேகத்தை மட்டும் கண்டுபிடித்து ஹாஃப் டூப்ளெக்ஸில் உட்கார்ந்துகொள்ளும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் தரவு மோதல்), ஃபுல் பக்கம் சிஆர்சி. இந்த ஜோடியைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம், இரு முனையையும் ஆட்டோவில் விடுங்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. புதிய சுவிட்சுக்கு ஒரே நாளில் கையெழுத்தானது. ஆனால் எல்லாம் சரியான அன்று மாலை நான் வெளியே போகவே முடியவில்லை. காலையில் கேட்டில் மடிக்கணினியின் சீரியல் எண்ணைப் பேரேட்டில் எழுதிய காவலர், 8 போட வேண்டிய இடத்தில் 3 போட்டிருந்தார். மாலை ஷிஃப்ட்காரர், "இது உள்ளே வந்த மடிக்கணினி இல்லை" என்று சாதித்தார். முக்கால் மணி நேரம் நின்றும் பயனில்லை. கடைசியில் அதை அவருடைய மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். உள்ளே வருவதும் வெளியே போவதும் பொருந்தவில்லை என்று அன்று முழுவதும் நான் செய்த அதே வேலையை என்மேலேயே செய்துகாட்டிவிட்டார்.

நீங்கள் கவுண்டரை அழித்துவிட்டு, பத்து நிமிடக் கணக்கையும் இரு பக்க ஒளி அளவையும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன். விற்பனையாளரிடம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.